யுரேனியத்தைக் கண்டுபிடித்தது அரசு ஆய்வாளர்களா, கெய்கர் கவுண்டரோடு அலைந்தவர்களா?

கேள்வியை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்க அரசு யுரேனியம் தேடுவதற்கென்றே நிலவியலாளர்களை இறக்கி அறிக்கை மேல் அறிக்கையாக எழுதவைத்தது, ஆனால் கதை என்று வரும்போது சார்லி ஸ்டீன் மாதிரி கையில் காசில்லாமல் பாலைவனத்தில் அலைந்தவர்கள் பெயர்தான் வருகிறது, அப்படியென்றால் அந்த அரசு ஆராய்ச்சியால் உருப்படியாக ஏதாவது கிடைத்ததா, அந்தப் பழைய அறிக்கைகளில் இருக்கும் எண்களை இன்றைக்கு நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆய்வாளரும் சொந்தக் காசைப் போட்டுத் தேடும் ஆளும் ஒரே நிலத்தில் இறங்கினால் யாருடைய அறிவு தாதுவைக் கொண்டுவருகிறது என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் மணற்கல் படுகைகளில் யுரேனியத் தேடலில் பல வருடம் வேலை பார்த்தவன், நிலத்தைத் துளையிட்டு எடுக்கும் பாறை உருளைகளான கோர்களைப் பெட்டி பெட்டியாகப் பார்த்துப் பதிவு செய்ததுதான் என் தொழில். அந்த அமெரிக்க அறிக்கைகளை வைத்துத்தான் எங்கள் தலைமுறை இந்த வேலையைக் கற்றுக்கொண்டது. மருத்துவம் எனக்குத் துறை இல்லை, அதனால் கடைசியில் தொழிலாளர்களின் நுரையீரல் பற்றி வரும் இடத்தில் பொதுப் பதிவில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் களம். கொலராடோ, யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ நான்கும் சந்திக்கும் மேட்டுநிலத்தைத்தான் கொலராடோ பீடபூமி என்கிறோம். அங்கே மணற்கல்லுக்குள் மஞ்சளாக ஒரு பொடி மாதிரி இருக்கும் கார்னோடைட் என்ற தாது, அதில் யுரேனியம், வனேடியம் இரண்டும் உண்டு. 1910களில் இதை ரேடியத்துக்காகத் தோண்டினார்கள். 1921இல் அமெரிக்கப் பெண்கள் பணம் திரட்டி மேரி க்யூரிக்குக் கொடுத்த ஒரு கிராம் ரேடியம் இந்தப் பீடபூமித் தாதுவிலிருந்து எடுத்ததுதான். அதற்கு அடுத்த வருடங்களில் பெல்ஜிய காங்கோவின் ரேடியம் மலிவாக வந்து இங்கே சுரங்கங்களை மூடவைத்தது. 1930களில் எஃகுக்கு வனேடியம் தேவைப்பட்டதால் மறுபடியும் தோண்டினார்கள், யுரேனியத்தைக் கழிவாகக் கொட்டினார்கள். போர்க்காலத்தில் மன்ஹாட்டன் திட்டத்துக்கு யுரேனியம் பெரும்பாலும் காங்கோவின் ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்தும் கனடாவின் கிரேட் பேர் ஏரிக்கரையிலிருந்தும் வந்தது, ஒரு சிறு பகுதி இந்தப் பீடபூமியின் வனேடியக் கழிவுகளிலிருந்து வந்தது. ஷிங்கோலோப்வேயில் நல்ல கட்டிகளில் பாதிக்கு மேலேயே யுரேனிய ஆக்சைடாக இருக்கும், பீடபூமியில் கால் சதவீதம் (0.25%) இருந்தாலே அது நல்ல தாது. 1947 ஜனவரி 1 அன்று ராணுவத்திடமிருந்து பொறுப்பேற்ற அணுசக்தி ஆணையத்தின் கையில் இருந்த உள்நாட்டு இருப்பு இவ்வளவுதான். கப்பலில் வரும் காங்கோத் தாது நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவர்களுக்கு நிஜமாகவே இருந்தது.

அவர்கள் இரண்டு காரியம் செய்தார்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும். ஒன்று, 1948 ஏப்ரலில் விலையை அறிவித்தார்கள். யுரேனியத் தாதுவை வாங்கும் ஒரே ஆள் அரசுதான், இவ்வளவு தரத்துக்கு இவ்வளவு விலை, இத்தனை வருடத்துக்கு உறுதி என்று எழுத்தில் கொடுத்தார்கள். மிக உயர்ந்த தரத்தில் புதிய படிவு கண்டுபிடித்தால் 10,000 டாலர் பரிசு. 1951இல் புதிய சுரங்கங்களின் ஆரம்ப உற்பத்திக்கு 35,000 டாலர் வரை ஊக்கத்தொகை சேர்ந்தது. தாது வாங்கும் நிலையங்களைத் திறந்தார்கள், கழுதைகூடச் சிரமப்படும் இடங்களுக்குச் சாலை போட்டார்கள். ஸ்டீன் வந்தது இந்த விலைக்காக. இன்னொன்று, அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையிடம் பணத்தைக் கொடுத்து, எங்கே தேடுவது, எப்படித் தேடுவது, எப்படி அளப்பது என்பதை ஆராயச் சொன்னார்கள். அதில் வந்தவைதான் நீங்கள் சொல்லும் அறிக்கைகள். முதலில் பல அறிக்கைகள் ரகசியமாக வைக்கப்பட்டன, பிறகு படிப்படியாகப் பொதுவில் வந்தன.

பீடபூமியில் ஆய்வுத்துறை செய்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது துளைப்புத் திட்டம். அன்றுவரை கார்னோடைட் தேடுவது என்றால் மலை விளிம்பில் பாறை வெளியே தெரியும் இடத்தில் மஞ்சள் கறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பதுதான். விளிம்பிலிருந்து உள்ளே சில நூறு அடி தள்ளி, மேலே வேறு பாறை மூடியிருக்கும் இடத்தில், தாது எங்கே என்று யாருக்கும் தெரியாது. படிவுகளோ சின்னச் சின்னவை, சில டன்னிலிருந்து சில ஆயிரம் டன் வரை, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் சிதறிக் கிடப்பவை. ஆய்வுத்துறை வைரமுனைத் துளைப்பானை வைத்து முதலில் சுமார் 1,000 அடி இடைவெளியில் துளையிட்டது. அந்தத் துளைகளில் தாது கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போடவில்லை. கிடைக்கும் கோரின் தன்மையைப் பார்த்து, இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் வீண் என்று ஒதுக்குவதற்காகப் போட்டார்கள். நல்ல பக்கத்தில் 100 முதல் 300 அடி இடைவெளி, தாது தட்டினால் அதைச் சுற்றி 50 முதல் 100 அடி. இன்றைக்கு மணற்கல்லில் யுரேனியம் தேடும் எவரும் ஏறக்குறைய இந்த ஒழுங்கில்தான் போகிறார்கள், இது எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது.

சரி, தாதுவே இல்லாத கோரைப் பார்த்து நல்ல பக்கம் எது என்று எப்படிச் சொல்வது? 1952இல் வெளியான ஆய்வுத்துறைக் குறிப்புகளில் அது நான்கு அடையாளங்களாகச் சுருங்கிவிட்டது. மாரிசன் பாறைத்தொகுதியின் சால்ட் வாஷ் அடுக்கில், மணற்கல்லின் கனம் சுமார் 40 அடிக்கு மேல் இருக்க வேண்டும். தாதுவின் அருகே மணற்கல் சிவப்பாக இல்லாமல் வெளிறிய பழுப்பாக இருக்கும். கீழேயும் இடையிலும் இருக்கும் சேற்றுக்கல் சிவப்பு மாறிச் சாம்பல் நிறமாகியிருக்கும். கருகிய மரத்துண்டு, இலை, தண்டு கிடக்கும். அவ்வளவுதான். கையில் கதிர்வீச்சை உணரும் கெய்கர் கவுண்டர் இல்லாமலேயே, கண்ணாலும் அளவு நாடாவாலும் பார்க்கக்கூடியவை. சாம்பல் நிறச் சேற்றுக்கல் எத்தனை அடி கனம் என்று கோர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அளப்பது சலிப்பான வேலை, ஆனால் அதிலிருந்துதான் வரைபடம் வருகிறது. அதே 1952இல் பிஷரும் ஹில்பர்ட்டும், கேட்வே, உரவான், ஸ்லிக் ராக் வழியாக வளைந்து போகும் ஒரு பட்டையில் பெரிய படிவுகள் கூடியிருக்கின்றன என்று காட்டினார்கள், உரவான் கனிமப் பட்டை என்று அதற்குப் பெயர். நூற்றுக்கணக்கான சிறு சுரங்கங்களைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் அந்த வளைவு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எல்லோருடைய தகவலும் ஒரே மேசைக்கு வரும் இடம் ஒன்று வேண்டும், அன்றைக்கு அது அரசிடம் மட்டுமே இருந்தது.

இந்த அடையாளங்கள் ஏன் வேலை செய்கின்றன என்ற வேதியியலையும் அவர்களே தெளிவாக்கினார்கள். ஆக்சிஜன் உள்ள நிலத்தடி நீரில் யுரேனியம் கரைந்து வெகுதூரம் போகும். ஆக்சிஜனை உறிஞ்சிவிடும் பொருள் ஒன்று, முக்கியமாக மக்கிய மரமும் அதைச் சார்ந்த கந்தக வாயுவும், எதிரே வந்தால் கரைந்திருக்கும் யுரேனியம் கறுப்புத் தாதுவாகப் படிந்துவிடும். சிவந்த சேற்றுக்கல் சாம்பலாவதும் அதே காரணத்தால்தான், அதிலிருக்கும் இரும்பு தன் ஆக்சிஜனை இழக்கிறது. ராபர்ட் கேரல்ஸ் இதை வெப்ப இயக்கவியல் கணக்காகப் போட்டு, எந்தச் சூழலில் எந்தத் தாது நிலைக்கும் என்று படமே வரைந்துவிட்டார். ஆலிஸ் வீக்ஸ் என்ற கனிமவியலாளர் சுரங்கங்களுக்குள் இறங்கி, மஞ்சள் கார்னோடைட் எல்லாம் பிற்பாடு காற்றும் நீரும் பட்டு மாறியது, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள அசல் தாது கறுப்பு என்பதைப் படிப்படியாக நிறுவினார். 1950களின் நடுவில் ஸ்டீஃப், ஸ்டெர்ன், ஷெர்வுட் மூவரும் காஃபினைட் என்ற புதிய யுரேனியச் சிலிக்கேட் கனிமத்தை விவரித்தார்கள். கேட்பதற்கு ஏதோ அருங்காட்சியக வேலை மாதிரி இருக்கும். ஆனால் மஞ்சளைத் தேடிக்கொண்டே போனவர்கள் கறுப்பைத் தேட ஆரம்பித்ததால்தான் ஆழத்தில் இருந்த பெரிய படிவுகள் எல்லாம் கணக்கில் வந்தன.

ஆய்வகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதை யாரும் பேசுவதில்லை. கெய்கர் கவுண்டர் யுரேனியத்தை நேரடியாக அளப்பதில்லை. யுரேனியம் சிதைந்து சிதைந்து வரும் வரிசையில் கீழே இருக்கும் பிஸ்மத், ஈய ஐசோடோப்புகளின் கதிர்வீச்சைத்தான் அது பெரும்பாலும் உணர்கிறது. அந்த வரிசை சமநிலையில் இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் மழைநீர் யுரேனியத்தைக் கழுவிக்கொண்டுபோய் ரேடியத்தை விட்டுவிட்டால், கவுண்டர் கத்தும், கல்லில் யுரேனியம் இருக்காது. யுரேனியம் சமீபத்தில்தான் வந்து சேர்ந்திருந்தால் அதற்கு நேர்மாறாக நடக்கும், தாது இருக்கும், கவுண்டர் பேசாது. இதைப் பிரித்தறிய மலிவான, வேகமான ரசாயனச் சோதனை வேண்டியிருந்தது. சோடியம் ஃபுளோரைடு கலந்த உருக்கில் யுரேனியம் கொஞ்சம் இருந்தாலும் புறஊதாக் கதிரில் மஞ்சள்-பச்சையாக ஒளிரும் என்பதைப் பயன்படுத்தி ஆய்வுத்துறையின் வேதியியலாளர்கள் வகுத்து 1952இல் வெளியிட்ட முறைகளில், பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு யுரேனியத்தைக்கூட அளக்க முடிந்தது. இந்தச் சோதனை பின்னால் இல்லாமல் எந்த வரைபடமும் நின்றிருக்காது.

அப்புறம் ஹெலன் கேனன். செடிகளை வைத்து யுரேனியம் தேடியவர் என்று இவரை விசித்திரமாகச் சொல்வார்கள், ஆனால் அவர் செய்தது மிகவும் கறாரான வேலை. யூட்டாவின் யெல்லோ கேட் பகுதியில், தாதுவில் யுரேனியத்தோடு செலினியமும் இருக்கிறது, செலினியம் உள்ள மண்ணில் மட்டுமே செழிக்கும் சில ஆஸ்ட்ராகலஸ் செடிகள் உண்டு, ஆகவே அந்தச் செடி கூட்டமாக நிற்கும் இடத்தின் அடியில் துளையிட்டுப் பாருங்கள் என்றார். ஆழமாக வேர்விடும் ஜூனிப்பர் மரக்கிளைகளை எரித்துச் சாம்பலில் யுரேனியத்தை அளந்தும் பார்த்தார். செடி காட்டுவது செலினியத்தைத்தான், தாதுவில் செலினியம் இல்லாத இடத்தில் செடியை நம்பாதீர்கள் என்று அந்த முறையின் எல்லையும் இதிலேயே தெளிவாக இருந்தது. அந்த நேர்மை எனக்கு அந்த முறையைவிடப் பெரியதாகப் படுகிறது.

இனி நேரடியாக உங்கள் கேள்வி. அரசு ஆய்வாளர் கண்டுபிடித்த இடம் ஏதாவது உண்டா? உண்டு, நல்ல உதாரணம் வயோமிங்கின் பம்ப்கின் பட்ஸ். டேவிட் லவ் என்ற ஆய்வுத்துறை நிலவியலாளர், முன்பு அந்தச் சமவெளியை மூடியிருந்த எரிமலைச் சாம்பல் படிவிலிருந்து யுரேனியம் கரைந்து கீழே உள்ள மணற்கல்லுக்குப் போயிருக்க வேண்டும் என்று யோசித்தார். 1951இல் அங்கே கதிர்வீச்சு அளவியோடு விமானம் பறந்தது. ஆய்வுத்துறையும் ஓக் ரிட்ஜ் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய கருவி, சுமார் 500 அடி உயரத்தில் பறந்து அளப்பது. அந்த அக்டோபரில் லவ் தரையில் போய்த் தாதுவைக் கையில் எடுத்தார். அதுவரை வயோமிங் யுரேனியத்துக்குப் பேர்போன இடமே இல்லை. இன்றைக்கு அந்தப் பவுடர் ரிவர் படுகையில், நிலத்தைத் தோண்டாமல் கரைசலை உள்ளே செலுத்தி யுரேனியத்தை எடுக்கும் முறையில் உற்பத்தி நடக்கிறது. ஒரு கருதுகோள், ஒரு கருவி, ஒரு நடை. அரசு ஆராய்ச்சிக்கு இதைவிடச் சுத்தமான சான்று எனக்குத் தெரியாது.

தனி ஆட்கள் கண்டுபிடித்தவையும் அதே அளவு நிஜம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 1950இல் நியூ மெக்சிகோவின் ஹேஸ்டாக் மலையடிவாரத்தில் நவஹோ ஆடுமேய்ப்பர் பேடி மார்டினெஸ் மஞ்சள் கல்லை எடுத்துக் காட்டினார், அது சுண்ணாம்புக்கல்லில் இருந்தது, மணற்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பொதுவாக எதிர்பார்க்காத பாறை அது. கிராண்ட்ஸ் பகுதி உலகத்தின் பெரிய யுரேனியப் பகுதிகளில் ஒன்றாக வளர்ந்தது அங்கிருந்துதான். 1951இல் அனகொண்டா நிறுவனம் விமானத்திலிருந்து லகூனா பழங்குடி நிலத்தில் ஜாக்பைல் படிவைக் கண்டது. ஸ்டீன் 1952 ஜூலையில் யூட்டாவின் லிஸ்பன் பள்ளத்தாக்கில் துளையிட்டார். எண்ணெய்த் தேடலில் பழகிய நிலவியலாளர் அவர், வளைந்த பாறையின் சரிவில் ஆழத்தில் தாது இருக்கும் என்பது அவருடைய எண்ணம், அரசுத் தரப்பில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுமார் 70 அடி ஆழத்தில் கறுப்பாக ஏதோ வந்தது, கையில் கவுண்டர்கூட இல்லாததால் அதை உடனே தெரிந்துகொள்ளவில்லை. சிஸ்கோ ஊரில் ஒரு பெட்ரோல் பங்கில் இருந்த கவுண்டரில் வைத்துப் பார்த்தபோதுதான் முள் எகிறியது. மி வீடா என்று பெயர் வைத்தார், சின்லி பாறைத்தொகுதியில் இருந்த உயர்தரமான யுரேனினைட் என்ற கறுப்பு யுரேனியத் தாது அது.

ஸ்டீன் கதையில் எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அவர் அங்கே துளையிட்டார், அங்கே தாது இருந்தது, அரசு ஆட்கள் அந்த இடத்தை மதிக்கவில்லை, இது நிச்சயம். அவருடைய காரணம் சரியா என்பது வேறு விஷயம். லிஸ்பன் பள்ளத்தாக்கின் தாது வளைந்த பாறையின் ஒரு பக்கச் சரிவில் நீளமாகப் போவது உண்மை, ஆனால் எண்ணெய் மாதிரி அங்கே வந்து தேங்கியதா, அல்லது பழைய ஆற்றுப் படுகையின் மணலும் அதிலிருந்த மரமும் அங்கே அமைந்ததால் படிந்ததா என்று கேட்டால், இரண்டாவதற்கே என் ஓட்டு. ஆனாலும் கருதுகோள் தவறாக இருந்தும் சரியான இடத்தில் துளை விழுவது எங்கள் தொழிலில் நிறைய நடக்கிறது, அதற்காக அந்த ஆளின் துணிச்சலைக் குறைக்க முடியாது. அரசின் நான்கு அடையாளங்களும் சால்ட் வாஷ் அடுக்குக்கு எழுதியவை. அதை வைத்துக்கொண்டு சின்லியை ஒதுக்கியவர்கள் இருந்தால், அந்தக் குறிப்பை எழுதியவர்கள் சொன்னதைத் தாண்டி அதை நீட்டினார்கள் என்றுதான் சொல்வேன்.

வீணாகப் போன பந்தயங்களும் அறிக்கைகளில் இருக்கின்றன. புளோரிடாவின் பாஸ்பேட் பாறை, டென்னசி பக்கத்துச் சட்டனூகா கறுப்புக் களிப்பாறை, டகோட்டாவின் பழுப்பு நிலக்கரி என்று எல்லாவற்றிலும் யுரேனியம் இருக்கிறது, அளவு மிகக் கொஞ்சம். காங்கோத் தாது நின்றால் கடைசிக் கையிருப்பாக இருக்கட்டும் என்று அவற்றை அளந்து வைத்தார்கள், பெரும்பாலும் தேவைப்படவில்லை. மோனசைட் விஷயத்தில் நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. தோரியமும் அருமண் உலோகங்களும் தரும் மோனசைட் மணலை அமெரிக்கா திருவிதாங்கூர்க் கடற்கரையிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது, இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சி அதில் முக்கியமான இடம். 1946இல் இங்கிருந்து ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. அதனால்தான் அமெரிக்கச் சுரங்கத்துறையும் ஆய்வுத்துறையும் ஐடஹோவின் ஆற்று மணலையும் கரோலினா ஓடைகளையும் சல்லடை போட்டன. 

சந்தேகமான இடங்களில் பெரியது தாதுவின் வயது. 1953இல் ஸ்டீஃப், ஸ்டெர்ன், மில்கி மூவரும் யுரேனியம்-ஈயம் விகிதத்தை அளந்து, பீடபூமித் தாதுவுக்குச் சுமார் 7 கோடி ஆண்டு வயது சொன்னார்கள். ஆனால் தாது இருக்கும் ஜுராசிக் மணற்கல்லுக்கு அதைப்போல இரண்டு மடங்கு வயது. அப்படியானால் மணல் படிந்து பல கோடி ஆண்டுக்குப் பிறகு, மலைகள் எழுந்த காலத்தில், ஆழத்திலிருந்து சூடான நீர் வந்து தாதுவைப் போட்டதா? அன்றைக்கு இதற்காகக் கடுமையாக வாதிட்டார்கள். அளவீடு நேர்மையானது, ஆனால் இந்தத் தாதுவில் யுரேனியமும் ஈயமும், யுரேனியம் சிதைவதில் வரும் ரேடான் வாயுவும் இருக்கும் இடத்தில் இருப்பதில்லை, கசிந்து போகின்றன, சேர்கின்றன. அதனால் அந்த வயது கடைசியாகத் தாது மறுபடி கலைந்த காலத்தைக் காட்டலாம். பிற்பாடு கிராண்ட்ஸ் பகுதியின் கலையாத கறுப்புத் தாதுக்களில் சுமார் 13 கோடி ஆண்டு என்ற பழைய வயதுகள் வந்தன. மணல் படிந்து ரொம்ப நாள் ஆகும் முன்பே நிலத்தடி நீர் தாதுவைப் போட்டது, பிறகு பல முறை இடம் மாறியது என்பதுதான் இன்று நான் உட்பட பெரும்பாலோர் பக்கம். யுரேனியம் எரிமலைச் சாம்பலிலிருந்து வந்ததா, கிரானைட் மலைகளிலிருந்து வந்ததா என்பதில் ஒவ்வொரு படுகைக்கும் தனித்தனி வழக்கு இருக்கிறது.

இப்போது நுரையீரல். இதைச் சொல்லாமல் அந்தக் கால ஆராய்ச்சியைப் பாராட்ட எனக்கு வாய் வராது. யுரேனியம் உள்ள சுரங்கங்களில் வேலை பார்த்தால் நுரையீரலில் புற்று வரும் என்பது ஐரோப்பாவில் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களிடம் 1879இலேயே பதிவானது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத்துறையின் டங்கன் ஹாலடே 1949-50 முதல் பீடபூமிச் சுரங்கங்களில் ரேடானை அளந்தார், ஆபத்தான அளவில் இருந்தது. ரேடான் வாயுவைவிட அது சிதைந்து வரும் திடத் துகள்கள்தான் நுரையீரலில் ஒட்டிக் கெடுக்கின்றன என்பதும் 1951 வாக்கில் தெரிந்துவிட்டது. தீர்வும் தெரியும், காற்றாடி போட்டுக் காற்றோட்டம் கொடுத்தால் அளவு இறங்கும், அளந்தே காட்டினார்கள். ஆனால் சுரங்கங்களுக்குள் போய் அளக்க அனுமதி வேண்டும் என்பதற்காக, தொழிலாளர்களைப் பயமுறுத்த மாட்டோம் என்ற ஒப்புதலோடு அந்த ஆய்வு நடந்தது. உள்ளே வேலை செய்தவனிடம் சொல்லவில்லை. தாது பூமியிலிருந்து வெளியே வந்த பிறகுதான் எங்கள் அதிகாரம் ஆரம்பிக்கிறது, சுரங்கப் பாதுகாப்பு மாநிலங்களின் வேலை என்று அணுசக்தி ஆணையம் நின்றுவிட்டது. கூட்டரசின் தரக்கட்டுப்பாடு 1967இல்தான் வந்தது, அதுவும் தொழிலாளர் துறைச் செயலர் வில்லார்டு விர்ட்ஸ் வற்புறுத்தியதால். இழப்பீட்டுச் சட்டம் 1990இல். அதற்குள் இறந்துபோனவர்களில் நவஹோ மக்கள் நிறைய, அவர்கள் நிலத்தில் இன்றும் 500க்கு மேற்பட்ட கைவிடப்பட்ட சுரங்கங்கள் கிடக்கின்றன. ஒரே அரசு, ஒரே பணம், ஒரே வருடங்கள். கல்லுக்குள் பத்து லட்சத்தில் ஒரு பங்கு யுரேனியத்தை அளக்க அவ்வளவு அக்கறை காட்டியவர்கள், அளந்து வைத்திருந்த ரேடான் எண்ணை அதைச் சுவாசித்தவனிடம் கொடுக்கவில்லை. தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப முடியாத விஷயம் இது.

கடைசியாக, அந்த அறிக்கைகளை நம்பலாமா. பாறை விவரணை, கோர் பதிவு, வரைபடம் ஆகியவற்றைத் தைரியமாக நம்புங்கள், நேரில் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், அன்றைய ஆட்கள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்கள். தாதுவின் பிறப்பு பற்றிய முடிவுகளை அந்தக் கால விவாதமாக மட்டும் வாசியுங்கள். தர எண்களில் இரண்டு இடங்களில் ஜாக்கிரதை வேண்டும். ஆய்வுத்துறை பெரும்பாலும் யுரேனியத்தை உலோகமாகக் கணக்கிட்டு நூற்றுக்கு இவ்வளவு என்று எழுதும், தாது வாங்கும் நிலையங்களும் சுரங்கக் கம்பெனிகளும் ஆக்சைடாகக் கணக்கிடும். ஆக்சைடு எண்ணை 0.848ஆல் பெருக்கினால்தான் உலோக எண் வரும், 0.20 சதவீத ஆக்சைடு என்பது 0.17 சதவீத யுரேனியம். இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்போது இதைக் கவனிக்காதவர்கள் படிவு பெரிதாகிவிட்டது அல்லது சுருங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மற்றது, அட்டவணையில் யுரேனியம் என்று ஒரு பத்தியும் சமான யுரேனியம் என்று ஒரு பத்தியும் இருக்கும். சமான யுரேனியம் என்பது கதிர்வீச்சை வைத்துக் கணக்கிட்டது, மேலே சொன்ன சமநிலைப் பிரச்சினை முழுவதும் அதில் இருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் எண்ணைப் பயன்படுத்தலாம். சமான எண் மிக அதிகமாகவும் ரசாயன எண் குறைவாகவும் இருந்தால், அந்த மாதிரி நிலத்தின் மேற்பரப்பில் கழுவப்பட்ட கல்லாக இருக்கும், அல்லது அதில் தோரியம் இருக்கும். சமான எண் மட்டும் இருந்தால் அந்த வரியைப் பென்சிலால் குறித்து வைத்துவிட்டு, அதே இடத்துக்கு ரசாயனச் சோதனை வந்த பிந்தைய அறிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள், பல இடங்களுக்கு இருக்கிறது.